கண்ணுக்குத் தெரியாததை ஊற்றி மெழுகுவர்த்தியை அணைக்கலாம்

சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி நுரை பொங்க வைப்பதோடு பெரும்பாலான பிள்ளைகள் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்கு அப்புறம் வருவதுதான் ரொம்பப் பிடிக்கும்.

உயரமான ஜாடியில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா போட்டு, 5 சதவீத வினிகரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மொத்தம் 70 மில்லி போதும். அந்த அளவு சோடா வினைபுரிய ஏறக்குறைய அவ்வளவுதான் தேவை. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நுரை அடங்கியதும், அகலமான கண்ணாடி டம்ளருக்குள் எரியும் சின்ன மெழுகுவர்த்தியின் மேல் ஜாடியை மெல்லச் சாய்த்துப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் திரவம் ஒரு சொட்டுகூட விழக்கூடாது. சுடர் நடுங்கும், சிறுத்துப் போகும், சட்டென்று அணைந்துவிடும். பிள்ளைகளின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்!

வெளியே வந்தது கார்பன் டை ஆக்சைடு. காற்றைவிட சுமார் ஒன்றரை மடங்கு அடர்த்தி என்பதால் ஜாடிக்குள்ளேயே தங்கி, தண்ணீர் போல வழிகிறது. டம்ளருக்குள் ஆக்சிஜனின் பங்கு குறைந்ததும் சுடர் தாங்காது.

தீக்குச்சி பெரியவர் கையில் இருக்கட்டும். இன்னொன்று, இதில் நான் கண்டிப்பு: வீட்டில் இருக்கும் வேறு பாட்டில்களைத் தொட விடாதீர்கள். ப்ளீச் திரவத்தில் வினிகர் கலந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள கிளீனர் கலந்தால் குளோரமின். இரண்டுமே நுரையீரலைப் பாதிக்கும் நச்சு வாயுக்கள்.

ஜாடியில் மிஞ்சும் சோடியம் அசிட்டேட் கரைசலைத் தாராளமாகத் தண்ணீர் விட்டு சிங்க்கிலேயே ஊற்றிவிடலாம்.