போர் தண்ணீரில் ஃப்ளோரைடு: படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு வீட்டிலேயே குறைப்பது எப்படி

டெல்டாவில் தண்ணீர் கெட்டுவிட்டது என்றால் இரும்பும் உப்பும்தான் முதலில் பேச்சுக்கு வரும். இரும்பு குடத்தில் செம்பழுப்பாகப் படியும், உப்பு நாக்கில் தெரியும். ஃப்ளோரைடுக்கு நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழுந்த பிறகுதான் சந்தேகமே வரும். கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடவே செய்யும். பீங்கான் கேண்டில் ஃபில்டரும் இதைப் பிடிக்காது.

ஆகவே முதல் வேலை சோதனை. ஊராட்சியில் களச் சோதனைப் பெட்டி இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். ஃப்ளோரைடு மட்டும் போதாது. காரத்தன்மை, இரும்பு, கடினத்தன்மை, மொத்தக் கரைந்த உப்பு நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். ஃப்ளோரைடுக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மி.கி, வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்பார்கள். கடலோரக் கிராமங்களில் கரைந்த உப்பு 1500 மி.கி-க்கு மேலோ, கடினத்தன்மை 600-க்கு மேலோ இருந்தால் படிகார முறைக்கு இறங்காதீர்கள். கொள்ளிடக் கூட்டுக் குடிநீர் வருகிற ஊரில் அதைப் போர் தண்ணீரோடு கலப்பதே மலிவு. ஆற்றுத் தண்ணீரில் 0.3, போரில் 3 என்றால், ஆற்றுத் தண்ணீர் இரண்டு குடத்துக்குப் போர் தண்ணீர் ஒரு குடம் கலக்கும்போது 1.2 ஆகிவிடும்.

இங்கே பலரும் தவறுவது இரும்பில்தான். அடிபம்புத் தண்ணீரைப் பூவாளி வழியாக உயரத்திலிருந்து ஊற்றி, காற்றுப் பட இரவு முழுக்க வையுங்கள். காலையில் அடியில் சேர்ந்த செம்படிவை விட்டுவிட்டு மேல் தண்ணீரை நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். இதைச் செய்யாமல் ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டர் (ஃப்ளோரைடைப் பிடிக்கும் சிறு மணிகள் நிரப்பியது) வாங்கினால், மணிகளின் மேல் இரும்பு பூசிக்கொண்டு சில வாரத்திலேயே வேலை செய்யாமல் போகும்.

இனி படிகாரம். மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் படிகாரம் வேறு உப்பு, அதில் அலுமினியம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் சுத்திகரிப்புக்கு விற்கும் அலுமினியம் சல்பேட் கட்டியையே வாங்குங்கள்; இனி படிகாரம் என்று சொல்வது இதைத்தான். 1 கிலோவைப் பொடித்து, மொத்தம் 10 லிட்டர் வரும்படி பிளாஸ்டிக் கேனில் கரைத்தால், 10 மி.லி-யில் 1 கிராம் இருக்கும். நீர்த்த சுண்ணாம்புத் தூள் 100 கிராமை 1 லிட்டர் பாட்டிலில் கலக்கி வையுங்கள். எடுக்கும்போதெல்லாம் குலுக்க வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பில் நிறமும் வாசனையும் கலந்திருக்கலாம், வேண்டாம்.

அளவு காரத்தன்மையைப் பொறுத்தது. காரத்தன்மை 400 உள்ள தண்ணீரில் ஃப்ளோரைடு 2 என்றால் லிட்டருக்குச் சுமார் 300 மி.கி படிகாரம், 3 என்றால் சுமார் 400. சுண்ணாம்பு படிகாரத்தில் இருபதில் ஒரு பங்கு. ஆனால் புத்தக அளவை நம்பி நிற்காமல் மூன்று 10 லிட்டர் வாளிகளில் 30, 40, 50 மி.லி படிகாரக் கரைசல் விட்டு, எதில் ஃப்ளோரைடு போதிய அளவு குறைகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஊசி நீக்கிய சிரிஞ்ச் அளப்பதற்கு வசதி.

தினசரி வேலைக்கு 40 லிட்டர் பிளாஸ்டிக் டிரம், அடியிலிருந்து 5 செ.மீ மேலே குழாய். பித்தளை, அலுமினியம், இரும்புப் பாத்திரம் கூடாது, அரித்துவிடும். ஃப்ளோரைடு லிட்டருக்கு 3 மி.கி உள்ள 40 லிட்டர் தண்ணீருக்கு 8 மி.லி சுண்ணாம்புப் பால் முதலில் விட்டுக் கலக்குங்கள், பிறகு 160 மி.லி படிகாரக் கரைசல். ஒரு நிமிடம் வேகமாக, பிறகு பத்து நிமிடம் மெதுவாக, மரக்கரண்டியால். மெதுவாகக் கலக்கும்போதுதான் பஞ்சுத் துணுக்கு போல மிதவை சேரும்; ஃப்ளோரைடு அதில் ஒட்டிக்கொண்டு இறங்கும். அவசரப்பட்டு அடித்தால் துணுக்கு உடைந்து நாள் முழுக்க மிதக்கும். ஒரு மணி நேரம் அசைக்காமல் விட்டு, மேல் தண்ணீரை வேறு குடத்துக்கு மாற்றுங்கள். கசடோடு இரவெல்லாம் விட்டால் பிடித்த ஃப்ளோரைடு திரும்பவும் தண்ணீரில் கசியும். கிருமிக்குத் தனியாகக் கொதிக்கவைக்க வேண்டும்.

தண்ணீர் துவர்த்தால் படிகாரம் அதிகம். பி.ஹெச் காகிதத்தில் 6.5-க்குக் கீழே காட்டினால் சுண்ணாம்பு சிறிது கூட்டுங்கள். ஒரு கண்ணி இருக்கிறது: நிறம் மாறும் சோதனையில் தண்ணீரில் மிஞ்சிய அலுமினியமே ஃப்ளோரைடைக் குறைத்துக் காட்டும். முதல் தடவையாவது ஆய்வகத்தில் எலக்ட்ரோடு கொண்டு பார்க்கச் சொல்லி, அலுமினியமும் 0.2 மி.கி-க்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். மேட்டூர் திறப்புக்கு முன் மே மாதத்தில் ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒரு தடவை, மறுபடி சோதியுங்கள். அளவும் அதற்கேற்ப மாறும்.

அலுமினா ஃபில்டர் வைத்திருப்பவர்கள் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ மணி 1500 மி.கி ஃப்ளோரைடு பிடிக்கும் என்று வைத்தால் 3 கிலோ மணி 4500 மி.கி பிடிக்கும். லிட்டருக்கு 2 மி.கி எடுத்து, நாளுக்கு 20 லிட்டர் என்றால் நாலு மாதத்துக்குள் தீர்ந்துவிடும். புதுப்பிக்க காஸ்டிக் சோடாவும் கந்தக அமிலமும் வேண்டும். அதை வீட்டில் செய்யாதீர்கள்.

கசடைக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றக் கூடாது, மாடு குடிக்கும். வாய்க்காலிலும் வேண்டாம். கிணற்றுக்கும் அடிபம்புக்கும் தள்ளி, தார்ப்பாய் விரித்த குழியில் சேர்த்துக் காயவைத்து மூடுங்கள்.