கொழும்பில் ஒரு குவில்ட் வட்டம்: தொடங்கும் முறையும் நடத்தும் முறையும்

வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளிலும் தைக்கத் தெரிந்த பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சட்டை வெட்டி மிஞ்சிய துண்டுகளையும், உடுத்த முடியாமல் நைந்துபோன ஆனால் எறிய மனம் வராத பருத்திச் சீலைகளையும் அலுமாரியின் அடித்தட்டில் அடுக்கி வைத்திருக்கும் இவர்களில் பெரும்பாலானோர் தனியாகவே தைக்கிறார்கள். அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி மேல்துணியாக்கி, நடுவில் ஒரு மெல்லிய அடுக்கையும் அடியில் வேறொரு துணியையும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்தால் கிடைக்கும் போர்வைதான் குவில்ட். ஒருவர் தனியாகவும் அதைச் செய்து முடிக்கலாம். ஆனாலும் பலர் கூடியிருந்து செய்யும்போதே அந்த வேலை முழுமையாக மலர்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். ஆறு முதல் எட்டுப் பேர் மாதந்தோறும் கூடித் தைக்கும் ஒரு வட்டத்தை எப்படித் தொடங்குவது, எப்படி நிலைக்கச் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அவரவர் தத்தம் வேலையைக் கொண்டுவந்து அருகருகே இருந்து தைத்துவிட்டுப் போகும் வட்டம் சில மாதங்களில் மெலிந்துவிடும். ஒருவர் வராவிட்டாலும் மற்றவருக்குக் குறை ஏதும் நேராது என்பதே அதற்குக் காரணம். ஒருவர் தைத்த கட்டம், அதாவது துண்டுகளைப் பொருத்தி ஆக்கிய சதுரம், இன்னொருவரின் போர்வைக்குள் போக வேண்டும், ஒருவர் பொருத்திய மேல்துணியை நால்வர் சுற்றியிருந்து தைக்க வேண்டும் என்று வேலை கைமாறும்படி அமைத்துவிட்டால், வராதவரின் இடம் வெளிப்படையாகத் தெரியும், அவரைத் தேடவும் செய்வார்கள். பின்வரும் ஏற்பாடுகள் எல்லாம் அந்த ஒரு நோக்கத்துக்காகவே.

இடமும் நேரமும்

முதல் சில கூட்டங்களை ஒரு வீட்டு வரவேற்பறையிலேயே நடத்தலாம். பத்துப் பேரைத் தாண்டினால் சனசமூக நிலையம், கோயில் மண்டபத்தின் பக்க அறை, வார இறுதியில் காலியாக இருக்கும் முன்பள்ளி ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். காலி வீதிக்கு அருகில் இருந்தால் 100, 101 ஆம் இலக்கப் பேருந்துகளில் வருவோருக்கும் கரையோரப் புகையிரதத்தில் வருவோருக்கும் வசதி. கொட்டாஞ்சேனை, தெமட்டகொடைப் பக்கத்திலிருந்து வருவோருக்குத் தூரம் கூட என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட்டத்தை அவர்கள் பக்கத்தில் வைப்பது நியாயம்.

நாளை மாதத்துக்கு மாதம் மாற்றாதீர்கள். இரண்டாவது சனிக்கிழமை காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை என்று ஒருமுறை வகுத்துவிட்டால் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. காலை நேரத்தை வலியுறுத்துவதற்குக் காரணம் வெளிச்சம்: கருநீலத்தையும் கறுப்பையும் மின்விளக்கின் கீழ் பிரித்தறிவது கடினம். போயா நாள் விடுமுறைதானே என்று அதைத் தெரிவு செய்வோர் உண்டு. பௌத்த அயலவர்களும் சேர வேண்டும் என்று விரும்பினால் அந்த நாளை விட்டுவிடுவது நல்லது. நோன்பு மாதத்தில் தேநீர் வேளையை நீக்கிக் கூட்டத்தைச் சுருக்கினால் முஸ்லிம் சகோதரிகள் சோர்வின்றிக் கலந்துகொள்வார்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய கட்டடங்களில் உள்ள 5 அம்பியர் செருகுகுழி, 230 வோல்ட்டில் 1150 வாற்று வரைதான் தாங்கும். தையல் மெசின் அதில் சிரமமின்றி ஓடும். ஆனால் 1000 வாற்றுக்கு மேற்பட்ட இஸ்திரிப்பெட்டி ஒன்றையும் மெசின்களையும் ஒரே நீட்சிக் கம்பியில் பொருத்தக் கூடாது. இஸ்திரிப்பெட்டிக்கு 13 அம்பியர் குழி ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். சிங்கர் நிறுவனம் 1877 இலேயே இந்நாட்டுக்கு வந்துவிட்டது. பாட்டி பாவித்த கறுப்பு நிறக் கால் மெசின் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. நேர்த்தையல் மட்டுமே தேவைப்படும் இந்த வேலைக்கு அது மிகப் பொருத்தமானது, மின்சாரமும் வேண்டியதில்லை.

துணி

தொடக்கத்தில் நெய்த பருத்தித் துணியை மட்டும் பாவிப்பது என்று முடிவு செய்யுங்கள். இழுபடும் பின்னல் துணியும் வழுக்கும் செயற்கை இழைத் துணியும் புதியவர்களின் பொறுமையைச் சோதிக்கும். புறக்கோட்டையில் கெய்சர் வீதியிலும் பிரதான வீதியிலும் மீற்றர் கணக்கில் வாங்கலாம். ஆடைத் தொழிற்சாலைகளின் வெட்டுத் துண்டுகளை நிறைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி வாங்கும் துண்டு எந்த இழை என்று தெரியாவிட்டால், ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி கடதாசியைப் போல எரிந்து மென்மையான சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும்.

எந்தத் துணியையும் துவைத்து உலர்த்தாமல் வெட்டக் கூடாது. பருத்தி முதல் துவையலில் சுருங்கும். சிவப்பு, கருநீலம் முதலிய அடர்நிறக் கைத்தறித் துணிகள் சாயம் விடக்கூடும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். எட்டுப் பேர் சேர்ந்து தைத்த போர்வையில் ஒருவரின் துண்டு சாயம் விட்டால் மற்ற ஏழு பேரின் வேலையும் கெடும் என்பதால், இந்த விதியில் யாருக்கும் விலக்கு அளிக்காதீர்கள்.

ஐந்தரை மீற்றர் பருத்திச் சீலை ஒன்று கையில் இருந்தால் அடித்துணிக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. 88 அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகளை வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் ஒற்றைக் கட்டில் போர்வைக்குத் தாராளமாகப் போதும், மிஞ்சும் பகுதியில் ஓரப்பட்டியும் எடுக்கலாம். நடு அடுக்குக்குப் பஞ்சு விரிப்புத்தான் வேண்டும் என்பதில்லை. பொலியெஸ்டர் பஞ்சு வைத்த போர்வையைக் கொழும்பின் வெக்கையில் ஒருவரும் போர்த்துக்கொள்ள மாட்டார்கள். பிளானல் துணியோ துவைத்து மெலிந்த பழைய வேட்டியோ போதுமானது. வங்காளத்துப் பெண்கள் பழைய சீலைகளை அடுக்கி, நூலோட்டத் தையலாலேயே காந்தா போர்வைகளை ஆக்கியிருக்கிறார்கள். நமது காலநிலைக்கு அந்த முறை நன்றாகப் பொருந்தும்.

கால் அங்குலம்

வட்டத்தில் சேரும் எவரும் முதலில் கற்க வேண்டியது கால் அங்குலத் தையல் ஓரம், அதாவது துணியின் விளிம்புக்கும் தையலுக்கும் இடையே விடும் அகலம். எங்கும் குவில்ட் தைப்போர் கைக்கொள்ளும் அளவு அது, ஏறத்தாழ 6 மில்லிமீற்றர். சட்டை தைத்துப் பழகியவர்கள் அரை அங்குலத்துக்கு மேல் விட்டே தைத்திருப்பார்கள்; எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் இங்கே அவர்கள் கையைப் புதிதாகப் பழக்க வேண்டும்.

ஒன்பது துண்டுக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றரை அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மூன்று வரிசையாகப் பொருத்தினால் ஒன்பதரை அங்குலக் கட்டம் வரும். அது போர்வையில் இணைந்தபின் 9 அங்குலமாக நிற்கும். ஒவ்வொரு தையலிலும் ஓரம் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினாலும் கட்டம் கால் அங்குலம் குறுகிவிடும், ஆறு கட்டங்கள் கொண்ட வரிசையில் அது ஒன்றரை அங்குலமாகும். இரண்டு பேரின் கட்டங்களை அருகருகே வைக்கும்போதுதான் இந்த வேறுபாடு வெளிப்படும். தனியே தைப்பவர் தன் பிழையைத் தானே சரிக்கட்டிக்கொள்வார், வட்டத்தில் அது மற்றவரின் தலையில் விழும். ஆகவே அளவைக் காப்பதை உடன் தைப்பவருக்குக் காட்டும் மரியாதையாகவே கருதுகிறேன்.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒன்றரை அங்குல அகலமுள்ள மூன்று பட்டிகளை வெட்டி நெடுக்கே இணைத்து இஸ்திரி போட்டு, நடுப்பட்டியை அளவுகோலால் அளவுங்கள். சரியாக 1 அங்குலம் இருந்தால் தையல் சரி. குறைந்தால் ஓரம் கூடிவிட்டது, கூடினால் ஓரம் குறைந்துவிட்டது. சரியான இடம் பிடிபட்டதும் மெசினின் தகட்டில், ஊசியிலிருந்து அந்தத் தூரத்தில், ஒட்டுநாடாவை நேராக ஒட்டிவிட்டால் துணியின் ஓரம் அதைத் தொட்டபடியே ஓடும். முதல் கூட்டத்தை முழுக்க இந்தச் சோதனைக்கே செலவிடுங்கள். அனைவரின் பட்டிகளையும் ஒரு மேசையில் வரிசையாக வைத்துப் பார்ப்பதைப் போன்ற நல்ல பாடம் வேறில்லை.

வெட்டும் பலகையும் வட்டக்கத்தியும் வசதியானவை, ஆனால் விலை கூடியவை. பழைய எக்ஸ்ரே தாளில் மூன்றரை அங்குலச் சதுரத்தைத் துல்லியமாக வெட்டி, ஒரே அச்சை எல்லோரும் பாவித்தால் கத்தரிக்கோலே போதும். சதுரத்தின் பக்கங்கள் துணியின் பாவு (நெடுக்கு) நூலுக்கோ ஊடு (குறுக்கு) நூலுக்கோ இணையாக இருக்க வேண்டும். மூலைவாட்டில் வெட்டிய துண்டு இழுபட்டு வடிவம் மாறும். தைத்த ஓரங்களை அடர்நிறத் துணியின் பக்கமாக மடித்து அழுத்துங்கள். அடர்நிறமும் வெளிர்நிறமும் மாறிமாறி வருவதால் அடுத்தடுத்த வரிசைகளின் ஓரங்கள் எதிரெதிராக மடிந்து, சந்திகள் தாமாகவே ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும்.

கட்டம் மாற்றிக்கொள்ளுதல்

வட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. எட்டுப் பேர் இருந்தால், ஒவ்வொருவரும் தம் வீட்டுத் துணியில் ஒரே மாதிரியான எட்டுக் கட்டங்களைத் தைத்துக் கொண்டுவருகிறார்கள். ஒன்றைத் தாம் வைத்துக்கொண்டு ஏழைக் கொடுத்து, மற்ற ஏழு பேரிடமிருந்தும் ஒவ்வொன்றைப் பெறுகிறார்கள். ஆறு தடவை இப்படி மாற்றினால் ஒவ்வொருவரிடமும் 48 கட்டங்கள் சேரும். குறுக்கே ஆறு, நெடுக்கே எட்டு என்று இணைத்து, மூன்று அங்குலக் கரை வைத்தால் 60 அங்குல அகலமும் 78 அங்குல நீளமும் கொண்ட போர்வை கிடைக்கும்.

எதை ஒன்றாக வைப்பது, எதை அவரவர் விருப்பத்துக்கு விடுவது என்பதில் தெளிவு வேண்டும். அளவு, துவைத்த பருத்தி, வெளிர்நிறத் துண்டுகள் யாவும் ஒரே வெள்ளை ஆகிய மூன்றையும் பொதுவாக்குங்கள். மற்ற நிறங்களில் தலையிடாதீர்கள். 1987 இல் அமெரிக்காவில் எயிட்ஸ் நோயால் இறந்தோரின் நினைவாகத் தொடங்கப்பட்ட பெருங்குவில்ட்டுக்கு ஆயிரக்கணக்கானோர் துண்டுகள் தைத்து அனுப்பினார்கள். 3 அடிக்கு 6 அடி என்ற அளவு மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது, அதனுள் எதைத் தைப்பது என்பது அவரவர் விருப்பம். அளவில் கண்டிப்பு இருந்ததாலேயே உள்ளே அவ்வளவு சுதந்திரம் சாத்தியமாயிற்று.

அளவு பிழைத்த கட்டம் வந்தால் அதைச் சபையில் உயர்த்திக் காட்டாதீர்கள். பொறுப்பாளர் ஒருவர் முன்கூட்டியே அளந்து, தைத்தவரிடம் தனியாகக் கொடுத்து, அருகில் இருந்து பிரித்துத் தைக்க உதவ வேண்டும். "அன்ரி, இந்தத் தையலைக் கொஞ்சம் உள்ளே எடுப்போமா?" என்று இளையவர் கேட்பதும், மூத்தவர் அதை ஏற்றுக்கொள்வதும் பழக்கமாகிவிட்டால் வட்டம் உறுதியாகிவிட்டது என்று கொள்ளலாம். வேலைகளை எல்லோருக்கும் காட்டும் முதல் அரைமணி நேரத்தில் பாராட்டு மட்டும் போதும், கேட்டால் ஒழிய ஆலோசனை வேண்டாம்.

கூடித் தைத்தல்

ஒருவரின் மேல்துணி தயாரானதும் அடுத்த கூட்டம் அவருக்கு உரியது. அடித்துணியை இரண்டு மேசைகளின் மேல் இழுத்து ஒட்டி, நடு அடுக்கையும் மேல்துணியையும் விரித்து, நடுவிலிருந்து வெளிநோக்கிக் கையகல இடைவெளியில் பெரிய நூலோட்டமிட்டு மூன்றையும் பிணையுங்கள். தரையில் பாய் விரித்தும் செய்யலாம், ஆனால் முழங்கால் வலியுள்ளோர் ஒதுங்கிவிடுவார்கள். நிரந்தரத் தையலையும் நடுவிலிருந்தே தொடங்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி பொங்கி நிற்கும். ஒவ்வொருவரின் கைத்தையலும் நீளத்தில் சற்று வேறுபடும், அதைச் சீராக்க முயலாதீர்கள்.

பணமும் பொறுப்பும்

மாதச் சந்தா சிறிதாக இருக்கட்டும். வரவும் செலவும் ஒவ்வொரு கூட்டத்திலும் உரக்க வாசிக்கப்படட்டும். வங்கிக் கணக்குத் திறக்க வட்டத்தின் யாப்பும் (எழுதிய விதிமுறைகளும்) பொறுப்பாளர் தெரிவு பற்றிய கூட்டக் குறிப்பும் கேட்பார்கள் என்பதால், வட்டம் ஓராண்டு நடந்தபின் அதைப் பற்றி யோசித்தால் போதும். மெசின் போன்ற பெரிய பொருளுக்குச் சீட்டுப் பிடிப்பது நமக்குப் பழகிய வழி. பெண்கள் கூடிக் கற்கும் அமைப்புகளுக்கு இந்நாட்டில் நீண்ட மரபு உண்டு: லங்கா மகிளா சமித்தியைத் தோற்றுவித்த மருத்துவர் மேரி ரட்ணத்துக்கு 1958 இல் மக்சேசே விருது கிடைத்தது.

பிறருக்குக் கொடுத்தல்

மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ கொடுக்க விரும்பினால், தைப்பதற்கு முன் அங்குள்ள பொறுப்பாளரிடம் என்ன தேவை, எந்த அளவு என்று கேளுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உறங்கும் இடத்தில் தளர்வான போர்வை இருப்பது மூச்சுத்திணறலுக்கு இடமளிக்கும்; ஆகவே பச்சைக் குழந்தைகளுக்காகத் தைக்காமல், வளர்ந்த பிள்ளைகளுக்காகத் தைப்பது நல்லது. சக்கர நாற்காலியில் இருப்போருக்கு 36 அங்குலத்துக்கு 48 அங்குலம் பொருத்தமான அளவு, அதைவிட நீண்டால் சக்கரத்தில் சிக்கும். பொத்தான், மணி எதுவும் வேண்டாம். தைத்தோரின் பெயரையும் ஆண்டையும் எழுதிய துணித்துண்டு ஒன்றை அடிப்பக்க மூலையில் தைத்துவிடுங்கள்.

ஊரை விட்டுப் போகிறவர்கள்

கொழும்பில் எந்த வட்டத்திலும் இது நேரும்: ஒருவர் கனடாவுக்கோ இலண்டனுக்கோ மகளிடம் போய்விடுவார். 1840களில் அமெரிக்காவில், தொலைதூரம் குடிபெயர்வோருக்கு உறவினரும் அயலவரும் தத்தம் பெயரெழுதிய கட்டங்களை இணைத்துப் போர்வையாக்கிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. நாமும் அதைச் செய்யலாம். வெள்ளைத் துணியின் அடியில் உப்புத்தாளை வைத்தால் துணி நகராது. துணிக்குரிய அழியாத பேனாவால் எழுதி, உலர்ந்தபின் இஸ்திரிபோட்டு மையை இறுக்கிய பிறகே கட்டத்தில் பொருத்துங்கள். பயணநாள் தெரிந்தவுடனேயே தொடங்காவிட்டால் முடியாது. போர்வைக்கு நேரமில்லை என்றால் ஒன்பது கட்டங்கள் கொண்ட சுவர்த்தொங்கலாவது முடித்துவிடலாம்.

போனவரை மாற்றுப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதில்லை. எட்டுக் கட்டங்களை மடித்து வைத்தால் ஒரு தபால் உறையில் அடங்கும். புறப்படும்போது வட்டத்தின் எக்ஸ்ரே அச்சின் பிரதி ஒன்றையும் சோதனைப் பட்டி ஒன்றையும் அவருடைய பெட்டியில் வைத்து, பொது வெள்ளைத் துணியில் இரண்டு மீற்றரும் கொடுத்துவிடுங்கள். அங்குள்ள கடைகளின் வெள்ளை நம்முடைய வெள்ளையோடு ஒத்துவராது.