9.81-ஆல் எப்போது வகுப்பது? நிலைமத் திருப்புத்திறன் கணக்கில் நிறையும் விசையும்

400 மி.மீ. விட்டம், 20 கிலோ, திட இரும்புத் தட்டு. இதை ஃப்ளைவீலாகப் போட்டு, நின்ற நிலையிலிருந்து 5 விநாடியில் 1500 ஆர்பிஎம் கொண்டுவர எவ்வளவு டார்க் (முறுக்குவிசை) வேண்டும் என்று பார்ப்போம்.

தராசு காட்டுகிற 20 கிலோ என்பது நிறை. அதை அப்படியே போடுங்கள், எதனாலும் வகுக்க வேண்டாம். திடத் தட்டின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி வேகத்தை மாற்ற அது காட்டுகிற தடை, ½ × நிறை × ஆரம்²: ½ × 20 × 0.2² = 0.4 கிலோகிராம் மீட்டர்². 1500 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 157 ரேடியன், 5 விநாடியில் அதை எட்டக் கோண முடுக்கம் 31.4, இரண்டையும் பெருக்கினால் டார்க் 12.6 நியூட்டன் மீட்டர். முடிந்தது. வரைபடத்தில் எடை 196 நியூட்டன் என்று இருந்தால் மட்டும் முதலில் 9.81-ஆல் வகுத்து 20-க்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால் 123 நியூட்டன் மீட்டர் வரும், தேவையைப் போல் பத்து மடங்கு மோட்டாரை வாங்கி வைப்பீர்கள்.

குழப்பம் பெரிதாவது பழைய கேட்டலாக்குகளில். அங்கே கிலோகிராம் என்ற பெயரிலேயே விசையும் வரும், அதாவது ஒரு கிலோ நிறையைப் பூமி இழுக்கிற விசை, 9.80665 நியூட்டன். அந்த முறையில் நம் தட்டின் நிலைமத் திருப்புத்திறன் 0.0408 கிலோகிராம்-விசை மீட்டர் விநாடி². இதை 31.4-ஆல் பெருக்கினால் 1.28 கிலோகிராம்-விசை மீட்டர், அதுவும் அதே 12.6 நியூட்டன் மீட்டர்தான். எனவே கேட்டலாக்கைத் திறந்ததும் எண்ணைப் பார்க்காதீர்கள், அலகில் விநாடி² இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது விசையை அடிப்படையாக வைத்த மதிப்பு, 9.81-ஆல் பெருக்கினால் கிலோகிராம் மீட்டர்²-க்கு வந்துவிடும். இல்லாவிட்டால் பெரும்பாலும் நிறைதான், தொட வேண்டாம்.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் ஜிடி² (GD²) என்ற அளவு. பழைய ஜப்பானிய மோட்டார் கேட்டலாக்குகளில் இது நிறைய வரும். நிறை முழுவதும் அச்சிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதாக வைத்தால் அதே நிலைமத் திருப்புத்திறன் தருகிற தூரம்தான் சுழற்சி ஆரம். எடையை (ஜி), அந்த ஆரத்தின் இரு மடங்கான விட்டத்தின் (டி) வர்க்கத்தால் பெருக்கிய மதிப்பு இது. கிலோகிராம்-விசை மீட்டர்² என்று போட்டிருப்பார்கள், விநாடி² இருக்காது. நம் தட்டுக்கு 1.6. இதை 4-ஆல் வகுத்தால் நேராக 0.4 கிலோகிராம் மீட்டர்², 9.81 எங்கேயும் வராது. விசை என்ற சொல்லைப் பார்த்ததும் 9.81-ஐ எடுக்கிற பழக்கம் இந்த ஒரு இடத்தில் நன்றாகவே காலை வாரும். இன்னொன்று, அந்த விட்டம் தட்டின் வெளிவிட்டம் கிடையாது. திடத் தட்டுக்கு ஆரத்தின் வர்க்கத்தில் பாதிதான் சுழற்சி ஆரத்தின் வர்க்கம், அதனால் 400 மி.மீ.-ஐ அப்படியே போட்டால் இரண்டு மடங்கு வந்து நிற்கும்.

அமெரிக்க கேட்டலாக் என்றாலும் இதே சோதனைதான், எண் மட்டும் மாறும். நம் தட்டு 1367 பவுண்டு அங்குலம்². டார்க்கை பவுண்டு-விசை அங்குலத்தில் கேட்டால் 386-ஆல் வகுக்க வேண்டும், ஏனென்றால் புவியீர்ப்பு முடுக்கம் அங்குலத்தில் அவ்வளவு. 3.54 பவுண்டு-விசை அங்குலம் விநாடி² வரும். அடியில் கணக்கிட்டால் 32.2, அப்போது நிறை ஸ்லக்கில் (அடி-பவுண்டு முறையின் நிறை அலகு) இருக்கும். அங்குலத்தையும் 32.2-ஐயும் ஒரே வரியில் கலந்தால் 12 மடங்கு பிழை, அதைக் கண்டுபிடிக்கவே பொழுது போய்விடும். என் கருத்தில், பவுண்டு கணக்கை அதிலேயே இழுத்துக்கொண்டு போகாமல் முதல் வரியிலேயே கிலோகிராமுக்கும் மீட்டருக்கும் மாற்றிவிடுவது நல்லது.

அப்புறம், சர்வோ மோட்டார்களுக்குக் கிலோகிராம் செ.மீ.² என்று இருக்கும், 10,000-ஆல் வகுங்கள். வரைபட மென்பொருள் கிலோகிராம் மி.மீ.²-இல் கொடுத்தால் பத்து லட்சத்தால்.