இறுகிப்போன தோள்பட்டையை கையால அசைச்சு விடுறது எப்படி? புது பிசியோக்களுக்கு

ஃப்ரோசன் ஷோல்டர் 40ல இருந்து 60 வயசுக்காரங்களுக்குத்தான் அதிகமா வரும், சுகர் இருந்தா இன்னும் ஜாஸ்தி. தலை வார முடியல, பின்பக்கம் ஊக்கு மாட்ட முடியல, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா தூக்கமே போச்சுன்னு சொல்லிட்டு வருவாங்க. வந்த உடனே கையைப் புடிச்சு மேல தூக்கி அமுக்குறது வேண்டவே வேண்டாம், வலிதான் கூடும்.

முதல்ல செக் பண்ணுங்க. முழங்கையை இடுப்போட ஒட்டி 90 டிகிரி மடக்கி வச்சு, முன்கையை வெளிப்பக்கமா அவங்களையே திருப்பச் சொல்லுங்க, அப்புறம் நீங்க திருப்பிப் பாருங்க. ரெண்டுலயும் ஒரே இடத்துல நின்னுச்சுன்னா மூட்டைச் சுத்தியிருக்க கேப்சூல், அதாவது மூட்டு உறை, இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். நீங்க திருப்பும்போது முழுசா போகுதுன்னா பிரச்சனை வேற, தசைநார் கிழிஞ்சிருக்கலாம், இந்த முறை அதுக்கு இல்ல. கீழ விழுந்து அடிபட்டிருந்தாலோ, காய்ச்சல் வீக்கம் இருந்தாலோ, கேன்சர் ஹிஸ்டரி இருந்தாலோ கை வைக்காம டாக்டர்கிட்ட அனுப்புங்க. இடது தோள் வலியோட நெஞ்சு அடைப்பு, வேர்வைன்னா நேரா எமர்ஜென்சிதான்.

அடுத்தது எவ்வளவு அழுத்தம்னு முடிவு பண்ணணும், என்னைப் பொறுத்தவரை மொத்த வேலையில முக்கியமானது இதுதான். நீங்க அசைக்கிறப்ப இறுக்கம் தட்டுப்படுறதுக்கு முன்னாடியே வலி வந்துட்டா மெய்ட்லேண்ட் கிரேடுல (கையால அசைக்கிற அழுத்தத்தை 1ல இருந்து 4 வரை பிரிக்கிற முறை) 1, 2 மட்டும், அதாவது இறுக்கத்தைத் தொடாத லேசான அசைவு. இறுக்கம் முதல்ல வந்து வலி கம்மியா இருந்தா கிரேடு 3, 4, இறுக்கத்துக்குள்ளயே போய் அசைக்கலாம்.

இப்ப க்ளைடு, அதாவது மூட்டுக்குள்ள எலும்பை நழுவ வைக்கிற அசைவு. மல்லாக்கப் படுக்க வைங்க, தோள் கட்டில் ஓரத்துல இருக்கட்டும், கையை உடம்புல இருந்து சுமார் 55 டிகிரி விலக்கி கொஞ்சம் முன்பக்கமா வச்சு நல்லா தாங்கிப் புடிங்க, அந்த நிலையிலதான் கேப்சூல் தளர்வா இருக்கும். பக்கவாட்டுல கை தூக்க வரலைன்னா, தோள் நுனி எலும்புக்குக் கொஞ்சம் கீழ கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்க இடத்தைப் பதிச்சு கால் பக்கமா தள்ளுங்க. வெளிப்பக்கம் திரும்ப வரலைன்னா, முன்னாடி இருந்து பின்பக்கமா தள்ளுறது நல்லா வேலை செய்யும். விரலால அழுத்தாதீங்க, முழங்காலை மடக்கி உங்க உடம்போட எடையை மெதுவா இறக்குங்க. வினாடிக்கு ரெண்டு மூணு அசைவு, ஒரு 30 செகண்ட், விட்டுட்டு மறுபடி. கண்ணு அவங்க முகத்துல இருக்கணும், வாயால "பரவால்ல தம்பி"ன்னு சொல்லிட்டே இன்னொரு கையால பெட்ஷீட்டை இறுக்கிப் புடிப்பாங்க, அதைப் பாத்ததும் அழுத்தத்தைக் குறைச்சிடணும்.

முடிச்சதும் திரும்பவும் கை தூக்கச் சொல்லிப் பாருங்க, ஆனா தோள்பட்டை காது வரைக்கும் ஏறி வந்தா அது ரேஞ்ச் (மூட்டு அசையுற அளவு) கிடையாது, கணக்குல எடுக்காதீங்க. கெடைச்ச ரேஞ்சைக் காப்பாத்த வீட்டுல செய்ய சுவத்துல விரலால ஏறுறதும், குனிஞ்சு கையைத் தொங்கவிட்டு ஆட்டுற காட்மேன் பயிற்சியும் குடுங்க. முழுசா சரியாக மாசக்கணக்குல ஆகும், சிலருக்கு வருஷம் தாண்டும், அதை முதல் நாளே சொல்லிடுங்க. மறுநாளும் வலி குறையாம இருந்தா அடுத்த தடவை கிரேடைக் குறைங்க.