மாடி வீட்டு வைஃபையில் போய் ஒட்டிக்கொள்ளும் ஸ்பீக்கரை மீட்பது எப்படி?

ஆடுதுறைக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் என் அப்பாவுக்கு மேட்டூர் அணையின் நீர்மட்டம் தெரியாமல் காலைக் காப்பி இறங்காது. 120 அடியில் இன்று எத்தனை அடி நிற்கிறது, ஜூன் 12இல் திறப்பார்களா, குறுவைக்கு நாற்று விடலாமா என்பதுதான் அவருடைய விடியல். கண் பார்வை மங்கியதால் செய்தித்தாளின் சிறு எழுத்தைப் படிக்க முடியவில்லை. வானொலிச் செய்தி கேட்க வசதியாக இருக்கும் என்று ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கிக் கூடத்தில் வைத்தேன். 1960களில் திருச்சி வானொலி வழியாகப் புகழ் பரவியதால் ஆடுதுறை 27 நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்த பகுதி இது. பேசும் பெட்டியை நம்பி வயலில் இறங்குவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல.

ஆனால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் அப்பாவிடமிருந்து அழைப்பு வரும். “தம்பி, பெட்டி பாதிச் செய்தியில் நின்றுவிடுகிறது.” நான் ஊருக்குப் போய்ப் பார்த்தால் என் கைபேசியில் ஸ்பீக்கரே தென்படாது. மூன்று முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து இணைத்தேன். மூன்று முறையும் அடுத்த மின்தடையோடு பழைய கதைதான். எனக்கு வந்த எரிச்சலைவிட, செய்தி பாதியில் அறுந்ததும் அப்பா எழுந்து திண்ணைக்குப் போய்விடுவதுதான் மனதைப் பிசைந்தது.

காரணம் பிடிபட்டபோது எளிமையாகவே இருந்தது. ஸ்பீக்கர் வாங்கிய வாரத்தில் எங்கள் வீட்டுக்கு இணைய இணைப்பு வந்திருக்கவில்லை. மாடியில் குடியிருப்பவர்கள் தங்கள் வைஃபையின் கடவுச்சொல்லைக் கொடுத்து உதவினார்கள். அந்தப் பெயரும் கடவுச்சொல்லும் ஸ்பீக்கரின் நினைவில் தங்கிவிட்டன. மாடியில் இன்வெர்ட்டர் உண்டு; மின்சாரம் நின்றாலும் அவர்களுடைய மோடம் ஓடும். எங்கள் மோடமோ மின்சாரம் வந்த பிறகு எழுந்து உட்கார இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஸ்பீக்கர் அதற்கு முன்பே விழித்து, தெரிந்த பெயர் எது காற்றில் இருக்கிறது என்று தேடி, மாடி வைஃபையில் சேர்ந்துகொள்ளும். மாடிச் சிக்னல் கூடத்தில் மெலிந்திருப்பதால் செய்தி பாதியில் அறுந்தது. பிறகு எங்கள் மோடம் வந்தாலும் ஸ்பீக்கர் திரும்பி வராது. இருக்கிற இணைப்பு அறவே அறுந்தால்தான் வேறு இடம் தேடும். ஆகவே புது வைஃபையை எத்தனை முறை சேர்த்தாலும் பயனில்லை. பழையதை மறக்கடிக்க வேண்டும்.

முதல் வேலை: எதில் இருக்கிறது என்று பாருங்கள்

அலெக்ஸா செயலியில் ‘டிவைசஸ்’ பகுதிக்குப் போய் உங்கள் ஸ்பீக்கரைத் தொட்டு, பற்சக்கரக் குறியைத் திறந்தால் வைஃபையின் பெயர் தெரியும். கூகுள் ஹோம் செயலியில் ஸ்பீக்கரின் அமைப்புகளுக்குள் ‘டிவைஸ் இன்ஃபர்மேஷன்’ என்ற இடத்தில் இருக்கும். பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். வீட்டுப் பெயரோடு இஎக்ஸ்டி என்ற ஆங்கில எழுத்துகள் ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் சிக்னலை நீட்டிக்கும் கருவியின் வைஃபை. விருந்தினருக்கான ‘கெஸ்ட்’ வைஃபையில் இருந்தால், ஸ்பீக்கர் பாடினாலும் கைபேசிக்குத் தென்படாமல் போகலாம். பல மோடம்கள் அதில் ஒரு கருவியை இன்னொன்று பார்க்க விடுவதில்லை.

இரண்டாவது வேலை: பழையதை மறக்கடியுங்கள்

இதில்தான் நான் மூன்று முறை தவறினேன். அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

அலெக்ஸா ஸ்பீக்கர்களில் கடவுச்சொல் இரண்டு இடங்களில் இருக்கக்கூடும்: ஸ்பீக்கருக்குள்ளும், உங்கள் அமேசான் கணக்கிலும். முதலில் கணினியில் அமேசான் தளத்துக்குள் நுழைந்து, கருவிகளை நிர்வகிக்கும் பக்கத்தின் ‘பிரிஃபரன்சஸ்’ பகுதியில் சேமித்த வைஃபை கடவுச்சொற்களை நீக்குங்கள். பிறகு ஸ்பீக்கரின் தலையில் புள்ளி போட்ட பொத்தானை 20 முதல் 25 வினாடி வரை விடாமல் அழுத்துங்கள். விளக்கு அணைந்து மறுபடி எரிந்து ஆரஞ்சு நிறத்துக்கு வரும்போது அது எல்லாவற்றையும் மறந்திருக்கும். சில மாடல்களில் பொத்தான் மாறும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூகுள் ஸ்பீக்கரில் அதே ‘டிவைஸ் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தில் வைஃபைக்கு எதிரே ‘ஃபர்கெட்’ என்று இருக்கும். ஒரு நுணுக்கம்: அதைத் தொடும்போது உங்கள் கைபேசியும் ஸ்பீக்கர் இருக்கும் அதே வைஃபையில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு வைஃபை என்றால் ஐந்து நிமிடம் அவர்களிடம் அனுமதி கேட்டு இணைந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது வேலை: சரியான வைஃபையில் சேருங்கள்

கைபேசியை உங்கள் வீட்டு வைஃபையில் வைத்துக்கொண்டு புதிதாக இணையுங்கள். ஹாட்ஸ்பாட் ஓடினால் நிறுத்திவிடுங்கள். அலெக்ஸாவில் கடவுச்சொல்லைக் கணக்கில் சேமிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுவது நல்லது.

மோடம் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பெயர் காட்டினால், எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு 2.4தான் பொருத்தம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று ரயில்பெட்டி போல நீளும் வீட்டில், கனத்த செங்கல் சுவர்களைத் தாண்டிப் போக 5க்குத் தெம்பு போதாது. வானொலி கேட்க அந்த வேகமும் தேவையில்லை. கொல்லைப்புறத்துக்காக நீட்டிப்புக் கருவி வைத்திருந்தால், முடிந்தவரை அதற்கும் மோடத்தின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வையுங்கள்.

மின்தடைக்கு ஒரு ஏற்பாடு

மோடத்துக்கென்றே கையகலச் சிறு யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் மோடத்தின் அடாப்டரைத் திருப்பி 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வோல்ட் அளவு மாறினால் மோடம் கெட்டுவிடலாம். நான் எங்கள் மோடத்துக்கு ஒன்று மாட்டிவிட்டேன்.

கடைசியாகச் சோதனை. மோடத்தையும் ஸ்பீக்கரையும் அணைத்து, ஸ்பீக்கரை மட்டும் முதலில் போடுங்கள். மாடி வைஃபை காற்றில் இருக்கும்போதே அது இணைப்பு இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் மறந்துவிட்டது என்று பொருள். பிறகு மோடத்தைப் போட்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். எங்கள் வீட்டில் அன்று அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மோடத்தின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அவர் செய்தியைக் கேட்டார். பெட்டி கடைசி வரை அறுபடாமல் சொல்லி முடித்தது.