நாலு த்ரெட் போட்டும் நகராத நிரல்

குன்னூரில் அன்று காலையிலிருந்தே மூட்டம். தேயிலைத் தோட்டத்துச் சென்சார்களின் பனிக்காலப் பதிவுகளை வைத்து உட்கார்ந்திருந்தேன். விநாடிக்கு ஒரு பதிவு, அதாவது ஒரு சென்சாருக்கே நாளைக்கு 86,400. பத்து டிகிரிக்குக் கீழே போன விநாடிகளை எண்ண வேண்டும், அவ்வளவுதான். சி++ நிரல் ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே வேலை இழையில், 9 விநாடி எடுத்தது. பிராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யக்கூடிய மற்ற கோர்கள் சும்மா கிடக்கின்றனவே என்று நாலு த்ரெட்டாகப் பிரித்தேன். 14 விநாடி! சூடான லேப்டாப்பில் கை காய்ந்ததுதான் மிச்சம்.

ஒரு த்ரெட் எழுதும்போது மற்றதைக் காக்கவைக்கும் லாக் மேல் பழிபோடவும் வழியில்லை; நான் லாக்கே போடவில்லை. த்ரெட்டுக்கு ஒன்றாக நாலு எண்ணிகள், ஒரே அர்ரேயில், அதாவது நினைவகத்தில் ஒரே வரிசையாக, அடுத்தடுத்து இருந்தன. அங்கேதான் வினை. ஓர் எண்ணி 8 பைட். ஆனால் என் பிராசஸரின் கேஷ் (நினைவகத்தின் நகலைக் கோருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும் வேகமான சேமிப்பு) நினைவகத்தைக் கையாள்வது 64 பைட் வரிகளாக. நாலும் ஒரே வரியில் விழுந்துவிட்டன. ஒரு கோர் தன் எண்ணியில் எழுதினால், மற்ற கோர்களிடம் இருக்கும் அந்த வரியின் நகல் செல்லாததாகிவிடும். அவை மறுபடி வாங்க வேண்டும். இலை பறிக்கும் நாலு பேர் ஒரே எடை நோட்டைக் கைமாற்றிக்கொண்டே இருப்பது மாதிரி. எழுதுவது என்னவோ அவரவர் பக்கத்தில்தான்!

முதலில் ஒவ்வோர் எண்ணியும் தனி வரியில் தொடங்கும்படி சி++-இன் அலைன்அஸ்(64) போட்டு எண்ணிகளைத் தள்ளிவைத்தேன், சரியானது. அப்புறம் அதுவும் வேண்டாமென்று, ஒவ்வொரு த்ரெட்டும் தன் உள்மாறியில் எண்ணி, கடைசியில் ஒரே தடவை அர்ரேயில் எழுதும்படி மாற்றினேன். இதுதான் எனக்குப் பிடித்த வழி. இப்போது இரண்டரை விநாடி. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது.