எறும்புக்கும் ஆகிற கோலம்

கடையில் கோலமாவு என்று கிடைப்பது பெரும்பாலும் கல்லை அரைத்த பொடிதான். எறும்புக்கும் குருவிக்கும் அதில் ஒன்றும் இல்லை. பச்சரிசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் மெல்லிய ரவைப் பதத்துக்குத் திரித்துக்கொள்ளுங்கள். ரொம்ப நைசானால் விரலில் ஒட்டிக்கொண்டு இழை அறுந்து அறுந்து விழும். வாசல் தெளித்த ஈரம் லேசாக இருக்கும்போதே போட்டால் காற்றில் பறக்காது.

பண்டிகை நாள் என்றால் அரிசியை ஊறவைத்து அரைத்து, நீர்க்கக் கரைத்து, சின்னத் துணியை அதில் நனைத்து மோதிர விரலால் இழையுங்கள். முதலில் மங்கலாகத்தான் தெரியும், காய்ந்ததும் பளிச்சென்று வெளுக்கும். ஓரத்துக்குக் காவி.

புள்ளிக் கணக்கில் மனசு ஒன்றிப்போகிற அந்த நேரம் எனக்குப் பூஜைதான். ஸ்டிக்கர் கோலம் ஒட்டிய வீடானாலும் பக்கத்தில் சின்னதாக ஒரு நாலு புள்ளிக் கோலமாவது தினமும் போடுங்கள்.